நான் எழுதிக் கொடுத்த ஒன்பது வாக்கியங்கள்

சென்ற மாதம் மெஹருன்னிசா தொலைபேசியில் அழைத்தார். நான் வேலை பார்த்த பொறியியல் கல்லூரியில், எனக்குப் பிறகு ஆங்கில மொழி ஆய்வகத்தைக் கவனித்துக்கொள்பவர் அவர்.

“சார், ஒரு கஷ்டம். பசங்க எல்லாரும் செல்ஃப் இன்ட்ரொடக்‌ஷனை போன்ல ஏஐகிட்ட கேட்டு வாங்கிட்டு வந்துடுறாங்க. அறுபது பேரும் ஒரே ஆள் பேசுற மாதிரி பேசுறாங்க. கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா யாரு எவருன்னே தெரியல.”

“இது புதுசு இல்லைம்மா. போன் வர்றதுக்கு முன்னாடி அந்த வேலையை நான் பார்த்துக்கிட்டு இருந்தேன்,” என்றேன்.

அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

“உங்க முதுகுக்கு முதுகு பயிற்சியில மட்டும்தான் சார் இன்னமும் சொந்தமாப் பேசுறாங்க. அதை எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு நம்ம துறை மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்க. புதுசா வந்திருக்கிற டீச்சர்ஸுக்கு உதவும்.”

சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தபோதுதான், எப்படிக் கண்டுபிடித்தேன் என்ற கேள்விக்கு உண்மையான பதிலை நான் யாரிடமும் சொன்னதில்லை என்பது உறைத்தது. ஓய்வுபெற்ற நாளில் மேடையில் மாலையோடு நின்றபோதும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதில்தான்.

முதலில் பெருமையைப் பேசிவிடுகிறேன். அதற்கு எனக்கு உரிமை உண்டு என்று நம்புகிறேன். தஞ்சாவூருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் இருக்கும் அந்தக் கல்லூரியில் முப்பத்தொரு ஆண்டுகள் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தேன். வலங்கைமான், பாபநாசம், ஒரத்தநாடு, நாகப்பட்டினம் பக்கங்களிலிருந்து வரும் பிள்ளைகள் எங்கள் மாணவர்கள். பெரும்பாலோர் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவர்கள். கரும்பலகையில் பெரிய கணக்கைச் சுலபமாகப் போட்டு முடிப்பார்கள். ஆங்கிலத்தில் பெயரைக் கேட்டால் தரையைப் பார்ப்பார்கள். முதலாண்டில் அப்படித் தரையைப் பார்த்தவர்களில் பலர் இன்று கப்பல் கட்டும் தளங்களிலும் அனல்மின் நிலையங்களிலும் நின்று, நான்கு மொழிக்காரர்களிடம் ஆங்கிலத்தில் வேலை வாங்குகிறார்கள். பண்டிகைக் காலத்தில் ஊருக்கு வந்தால் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துகிறார்கள். இதைவிட ஒரு வாத்தியாருக்கு என்ன வேண்டும்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கும்பகோணத்தில் எம்.ஏ. முடித்தேன். ஒரு தனிப்பயிற்சிக் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் தொண்டை வற்றக் கத்தினேன். பிறகு இந்த வேலை கிடைத்தது. நான் தொழிலைக் கற்றுக்கொண்டது, அல்லது கற்றுக்கொண்டிருக்க வேண்டியது, எங்கள் துறைத் தலைவர் ராமபத்ரனிடம்.

அவர் வகுப்பெடுப்பதை நான் ஓரமாக உட்கார்ந்து கவனித்திருக்கிறேன். ஒரு மாணவன் பேச எழுந்தால், கையிலிருக்கும் சாக்பீஸ் துண்டை மேசைமேல் வைத்துவிடுவார். அவன் முடிக்கும்வரை அதை எடுக்கமாட்டார். அவன் ஆங்கிலம் எத்தனை இடத்தில் முறிந்தாலும் இடைமறிக்கமாட்டார், முகம்கூடச் சுளிக்காது. முடித்ததும், “எனக்குப் புரிஞ்சது இது,” என்று தொடங்கி, அவன் சொன்னதாகத் தமக்குப் பட்டதை எளிய ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்வார். கடைசியில் “சரியா?” என்பார். சரியில்லை என்று மாணவன் தலையாட்டினால், “அப்ப இன்னொரு தடவை சொல்லு, நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்,” என்பார். அவன் சொல்ல நினைத்தது அவரிடம் வந்து சேர்ந்த பிறகுதான் சாக்பீஸைக் கையில் எடுப்பார். ஒரே ஒரு பிழையைத் திருத்துவார். ஒன்றுதான். மீதி அடுத்த தடவைக்கு.

ஒரு வகுப்பு நேரத்தில் மூன்று பேருக்குமேல் பேச முடியாது. எனக்கு அது மாட்டுவண்டி வேகமாகத் தெரிந்தது. வளாக நேர்காணலுக்குக் கம்பெனிகள் வரத் தொடங்கிய காலம் அது. முதல்வருக்கு அவசரம். பெற்றோர்களுக்கு அவசரம். எனக்கு இளம் வயது. பெயர் வாங்க வேண்டும் என்ற அவசரம். ஆகவே நான் ஒரு குறுக்குவழி கண்டேன்.

நேர்காணலில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். அதற்கு ஒன்பது ஆங்கில வாக்கியங்களை எழுதி, நகலெடுத்து, எல்லோருக்கும் கொடுத்தேன். முதல் வாக்கியத்தில் வணக்கமும் பெயரும். இரண்டாவதில் ஊர். மூன்றாவதில் தந்தையின் தொழில். எட்டாவதில் என் பலவீனம் அளவுக்கு மீறி உழைப்பது. கோடிட்ட இடத்தை நிரப்பிக்கொண்டு மனப்பாடம் செய்ய வேண்டியதுதான். கையில் நிறுத்துகடிகாரத்தோடு நிற்பேன். தொண்ணூறு விநாடியில் முடிக்க வேண்டும். இரண்டு வாரத்தில் ஒரு வகுப்பே கடகடவென்று ஆங்கிலம் பேசும். பார்ப்பவர்களுக்கு அது அற்புதமாகத் தெரிந்தது.

மூன்றாவது வாக்கியத்துக்கு நான் ஒரு மாற்றுப் பட்டியலே வைத்திருந்தேன். கூலி வேலை என்றால் அக்ரிகல்சரிஸ்ட். தையற்கடை என்றால் கார்மென்ட் பிசினஸ். டீக்கடை என்றால் ஹாஸ்பிட்டாலிட்டி. நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த யாசின் என்ற மாணவனிடம் கேட்டேன்.

“அப்பா என்ன செய்றாரு?”

“அத்தா துபாய்ல டிரைவர் சார்.”

“லாஜிஸ்டிக்ஸ்னு எழுது.”

“எழுதிக்கிறேன் சார். ஆனா அத்தாவுக்கு ஒரு வார்த்தை சொல்லிடணும். அவரு இன்னமும் தன்னை டிரைவர்னே நெனச்சுக்கிட்டு இருக்காரு.”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

ராமபத்ரன் சாரிடம் அந்தத் தாளைக் காட்டினேன். மேலிருந்து கீழ்வரை படித்தார். “சட்டை நல்லாத்தான் இருக்கு. எல்லாருக்கும் ஒரே அளவா?” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் யாரையும் தடுப்பவரல்ல.

அந்த மூன்றாவது வாக்கியம் எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். என் தந்தை வலங்கைமானுக்கு அருகே ஒரு கிராமத்தில் நீர்கட்டி. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஊராருடைய வயல்களுக்கு வாய்க்கால் மடையைத் திறந்து அடைக்கும் வேலை. எங்களுக்கென்று காணி கிடையாது. என்னுடைய நேர்காணலில் தந்தை பற்றிக் கேட்டபோது அக்ரிகல்சரிஸ்ட் என்று சொன்னேன். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. பிழைத்தோம் என்று நினைத்தேன். எனக்குப் பலித்ததைத்தான் பிள்ளைகளுக்கும் கொடுத்தேன்.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் இயந்திரவியல் இறுதியாண்டில் ஒரு மாணவி இருந்தாள். அவள் பெயரை எழுதப் போவதில்லை. காரணம் கடைசியில் தெரியும். வேளாங்கண்ணிக்கு வடக்கே கடலோரத்துக் குப்பம். தந்தை ஃபைபர் படகில் மீன் பிடிக்கப் போகிறவர். வகுப்பில் மூன்றே பெண்கள். மற்ற இருவரும் மென்பொருள் கம்பெனிக்குப் போவதென்று முடிவு செய்திருந்தார்கள். இவளுக்கு இன்ஜின் வேண்டும். அந்த ஆண்டு எங்கள் கல்லூரிக்கு வருவதாக இருந்த டீசல் இன்ஜின் கம்பெனி ஒன்றே ஒன்று. பெண்களைப் பணிமனையில் எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்த கம்பெனியும் அதுதான். அது தவறினால் அவளுக்கு இன்ஜின் வேலை இல்லை.

நேர்காணலுக்கு ஒரு வாரம் முன்பு ஒத்திகை நடந்தது. அவள் என் தாளை மடித்துக் கையிலேயே வைத்திருந்தாள். அதைப் பார்க்காமல் தன் வழியில் பேசத் தொடங்கிவிட்டாள். வினைச்சொற்கள் எல்லாம் காலம் தப்பி வந்தன. அவள் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்.

காலையில் அப்பா கடலில் இருந்தார். கரைக்கு வரும் வழியில் இன்ஜின் நின்றுவிட்டது. கரை தெரிகிற தூரம், அதனால் போன் கிடைத்தது. படகில் அப்பாவும் சித்தப்பாவும் மட்டும். அது பழைய இன்ஜின் இல்லை, புதிதாக மாற்றியது, அவர்களுக்குப் பழக்கமில்லை. மெக்கானிக் ஏர் எடுத்தபோது பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்தான். டீசல் வரும் குழாயில் காற்று புகுந்தால் இன்ஜின் ஓடாது. அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். போனில் சார்ஜ் குறைவு. நான் ஒரு தடவைக்கு ஒரு வேலைதான் சொன்னேன். ஃபில்டருக்கு மேலே உள்ள திருகை அரைச் சுற்று தளர்த்துங்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள் அப்பா. அவர் திருப்பிச் சொன்னார். முழுச் சுற்று என்று சொன்னார். இல்லை, அரைச் சுற்று. மறுபடி சொன்னார். கைப்பம்ப்பை அடியுங்கள். என்ன வருகிறது? நுரை. இன்னும் அடியுங்கள். இப்போது? நுரை இல்லை, டீசல் மட்டும். திருகை இறுக்குங்கள். ஸ்டார்ட் செய்யுங்கள். எனக்கு இன்ஜின் சத்தம் கேட்டது. மீன் ஏலத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தார்கள்.

ஏலம் என்ற இடத்தில் நான் கடிகாரத்தை நிறுத்தினேன். இரண்டு நிமிடம் பத்து விநாடி ஆகியிருந்தது.

“நேரம் தாண்டிருச்சும்மா. அப்புறம், இன்டர்வியூல போய் மீனு, ஏலம்லாம் எதுக்கு?”

“எங்க வீட்டுத் தொழில் சார் அது.”

“இருக்கட்டும். மரைன் பிசினஸ்னு சொல்லு. கௌரவமா இருக்கும்.”

“மரைன் பிசினஸ்னா என்னன்னு கேட்டா சார்?”

“கேக்கமாட்டாங்க.”

அவள் ஒரு விநாடி என்னைப் பார்த்தாள். “சரிங்க சார்,” என்றாள். மறுநாள் ஒன்பது வாக்கியங்களையும் எண்பத்தெட்டு விநாடியில் ஒப்பித்தாள். நன்று என்று குறித்துக்கொண்டேன்.

நேர்காணல் நாளன்று கம்பெனியிலிருந்து வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பொறியாளர். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தார். காலையில் முதல்வர் என்னை அவரிடம் அறிமுகப்படுத்தினார். “எங்க பசங்களுக்கு வாய் திறந்துவிட்டவர் இவர்தான்.” ராமபத்ரன் சார் அந்தப் பருவத்தோடு ஓய்வுபெறுகிறார், அடுத்த தலைவர் நான் என்று பேச்சிருந்தது. அந்தப் பாராட்டைக் கேட்டு எனக்குக் குளிர்ந்துபோயிற்று.

நேர்காணல் அறைக்குப் பக்கத்து அறையில் நாங்கள் மூவரும், முதல்வரும் ராமபத்ரன் சாரும் நானும், உட்கார்ந்திருந்தோம். டீ வந்துபோக வசதியாகத் தாழ்வாரத்துக் கதவு திறந்து கிடந்தது. தாழ்வாரத்தில் மாணவர்கள் காத்திருக்கும் பெஞ்சு.

அவள் உள்ளே போய்ச் சிறிது நேரத்தில் வெளியே அனுப்பப்பட்டாள். அடுத்த மாணவனைக் கூப்பிடாமல், அந்தப் பொறியாளர் இடைக்கதவைத் திறந்துகொண்டு எங்கள் அறைக்கு வந்தார். கையில் அவளுடைய விண்ணப்பம்.

“சார், இந்தப் பொண்ணு விண்ணப்பத்துல, டீசல் லைன்ல ஏர் எடுக்கத் தெரியும்னு எழுதியிருக்கு. நான் இருபது வருஷமா கேம்பஸ் போறேன், ஒரு மாணவி இப்படி எழுதிப் பார்த்ததில்ல. அதுக்காகவே காத்துக்கிட்டு இருந்தேன். உள்ள வந்தா, அப்பா மரைன் பிசினஸ்னு சொல்லுது. எத்தனை கப்பல், ஆபீஸ் எங்கன்னு கேட்டேன். பேச்சே இல்ல. தலையைக் குனிஞ்சிடுச்சு. சரி, ஏர் எடுக்கிறதைச் சொல்லும்மான்னா அதுக்கும் வாய் வரல. அப்ப இதுவும் பொய்தானோன்னு தோணுது.”

அவர் என் பக்கம் திரும்பினார்.

“காலைலேர்ந்து எல்லாரும் ஒரே அச்சா பேசுறாங்க. அதான் உங்களைக் கேக்கிறேன். இந்தப் பதிலை அது சொந்தமாத் தயார் பண்ணுச்சா, இல்ல யாராவது எழுதிக் கொடுத்ததா? எழுதிக் கொடுத்ததுன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. திரும்பக் கூப்பிட்டுத் தமிழ்லயே பேசிப் பாக்கிறேன்.”

அவர் கேட்டது ஒரு வார்த்தை. ‘நான்’ என்று சொன்னால் போதும். முதல்வர் டீ டம்ளரைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவங்கவங்க பதிலை அவங்கவங்கதான் சார் தயார் பண்றாங்க. நாங்க இலக்கணம் மட்டும் பாத்துக் கொடுக்கிறதோட சரி,” என்றேன்.

குரல் தெளிவாகவே வந்தது. அதை நினைத்தால்தான் இன்றும் கூசுகிறது. “ஓ,” என்றார் அவர். விண்ணப்பத்தைக் கட்டின் அடியில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

மாலையில் ஏழு பெயர்கள் ஒட்டப்பட்டன. அவள் பெயர் இல்லை. மறுநாள் அவளைத் தாழ்வாரத்தில் பார்த்து, “பரவாயில்லைம்மா, வேற கம்பெனி வரும்,” என்றேன். வராது என்பது இருவருக்கும் தெரியும். அவள் பையைத் திறந்து, நான் கொடுத்த தாளை எடுத்து, மடிப்பை நீவி என்னிடம் நீட்டினாள்.

“இது உங்களோடது சார்.”

நகலெடுத்த தாளைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் கல்லூரியில் இல்லை. ஒழுங்கான பெண் என்று நினைத்து வாங்கிக்கொண்டேன்.

அன்று மாலை ராமபத்ரன் சார் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். கையிலிருந்த சாக்பீஸை மேசைமேல் வைத்தார்.

“எனக்குப் புரிஞ்சது இது. அந்த ‘மரைன் பிசினஸ்’ நீங்க எழுதிக் கொடுத்தது. சரியா?”

மாணவர்களிடம் கேட்கும் அதே குரல். குற்றம் சாட்டும் தொனி துளியும் இல்லை. இல்லை என்றும் ஆமாம் என்றும் சொல்லாமல் நான் விடைத்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். நெடுநேரம் காத்திருந்தார். பிறகு சாக்பீஸை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். ஓய்வுபெறும்வரை அதைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. சில ஆண்டுகளில் இறந்தும்போனார். அவருக்கு நான் பதில் சொல்லவே இல்லை.

அடுத்த ஜூன் மாதம் நான் துறைத் தலைவன். ஒன்பது வாக்கியத் தாளை முதல் வேலையாக நிறுத்தினேன். அதற்குப் பதிலாக என்ன செய்வதென்று யோசித்தபோது, எனக்குத் தோன்றியது அந்த இரண்டு நிமிடம் பத்து விநாடிதான். நான் தடுத்து நிறுத்தியும், அவள் சொன்னது ஒன்றுவிடாமல் என் மனத்தில் இருந்தது. உடைந்த ஆங்கிலத்தில் கேட்டு, ஒரு திருகைக்கூடத் தொட்டறியாத எனக்கு டீசல் குழாயில் காற்றெடுக்கத் தெரிந்திருந்தது.

அதையே பயிற்சியாக்கினேன். இரண்டு நாற்காலிகளை முதுகுக்கு முதுகு போடுவோம். ஒருவர் தம் கையால் செய்து பழகிய வேலை ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்றவர் திரும்பிப் பார்க்காமல், சொல்லை மட்டும் கேட்டு அதைச் செய்ய வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு வேலைதான் சொல்லலாம். கேட்டவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகே அடுத்தது. எல்லாம் ஆங்கிலத்தில். இலக்கணப் பிழைக்கு மதிப்பெண் குறையாது. செய்யச் சொன்ன வேலை நடந்ததா இல்லையா என்பதற்குத்தான் மதிப்பெண்.

முதல் மாதம் ஒரே கூத்து. “லூசன் பண்ணச் சொன்னா கழட்டிக் கையிலயே கொடுக்கிறான் சார்,” என்று ஒருத்தன் முறையிடுவான். “நீ சொன்ன அழகுக்கு இதாவது வந்துச்சேன்னு சந்தோசப்படுடா,” என்பான் முதுகுக்குப் பின்னாலிருப்பவன். ஆனால் பேசினார்கள். பம்புசெட் புட்வால்வைக் கழற்றி மாட்டுவதை, தையல் இயந்திரத்தின் வாரை மாற்றுவதை, மிக்சிக்குக் கார்பன் போடுவதைச் சொன்னார்கள். அவரவர் வீட்டுத் தொழில் தானாக வகுப்புக்குள் வந்தது. ஒருமுறை ஒரு பையன், வாய்க்கால் ஷட்டரில் தழை சிக்கினால் எப்படி எடுப்பது என்று சொன்னான். அவன் தாத்தா நீர்கட்டியாம். எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னான். அந்த வேலைக்கு ஆங்கிலச் சொல் இல்லாததால், நீர்கட்டி என்று தமிழிலேயே சொல்லி, அந்த வேலை என்ன என்று இரண்டு வாக்கியத்தில் விளக்கினான். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

ஓய்வுபெறும்வரையான அந்தப் பத்து ஆண்டுகள்தான் என் வேலையில் நான் பெருமைப்படும் காலம். நேர்காணலுக்கு வந்தவர்கள், உங்கள் பிள்ளைகளைக் கேட்டால் பதில் வருகிறது என்றார்கள். வேறு கல்லூரிகளிலிருந்து வந்து பார்த்துப் போனார்கள். ‘சார் மெத்தட்’ என்று பெயரே வந்துவிட்டது. ஓய்வுபெற்ற நாளில் அதற்காகவே கேடயம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். அது யாருடையது என்று சொல்லவில்லை.

இப்போது இந்தக் கட்டுரைக்காக அவளைத் தேடினேன். இன்றும் எல்லோருடனும் தொடர்பு வைத்திருக்கும் யாசின்தான் எண் கொடுத்தான். “மேடம் பெரிய ஆளு சார். நாகப்பட்டினத்துல இன்ஜின் டீலர்ட்ட சர்வீஸ் ஹெட். இந்தக் கரையில எந்தப் படகு நின்னாலும் அவங்க போன்தான் அடிக்கும்,” என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறிப் போனேன். சுனாமிக்குப் பின் கட்டிய குடியிருப்பில் வீடு. அவள் தந்தை வாசலுக்கு வந்து வரவேற்றார். அறுபத்தைந்து வயது இருக்கும். இன்னமும் கடலுக்குப் போகிறார்.

“பொண்ணுக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுத்த சாருங்களா? வாங்க வாங்க. அது கம்பெனிக்காரங்ககூட இங்கிலீஷ்ல பேசுறதப் பாக்கணும் சார் நீங்க. எல்லாம் நீங்க போட்ட பிச்சை.”

அவள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். என்னைப் பார்த்ததில் அவளுக்கு மகிழ்ச்சிதான். அதை எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

“மொத வேலைதான் என்னால கெட்டுப்போச்சு,” என்றார் அவர்.

“அப்பா, அதை விடுங்களேன்.”

“இருக்கட்டும்மா, சார்ட்ட சொல்றதுல என்ன. அப்பன் என்ன தொழில்னு கேட்டாங்களாம் சார். மீனு புடிக்கிறவன் மவளுக்கு எவன் வேலை குடுப்பான். அப்புறம் மூணு வருசம் பம்பு கடையில ஸ்பேர் பார்ட்ஸ் எடுத்துக் குடுத்துக்கிட்டு கெடந்துச்சு. கடலுக்குப் போறப்பல்லாம் நெனச்சுக்குவேன், வேற தொழில் பாத்திருக்கலாம்னு.”

பதினான்கு ஆண்டுகளாக இந்த மனிதர் இதைச் சுமந்துகொண்டு கடலுக்குப் போயிருக்கிறார். இது எனக்குத் தெரியாது. நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன்.

“உங்களால கெடலைங்க,” என்றேன். “உங்க தொழிலை மறைக்கச் சொன்னது நான். நான் எழுதிக் கொடுத்ததைத்தான் அது சொன்னுச்சு. வந்தவர் இதை யார் எழுதிக் கொடுத்ததுன்னு எங்கிட்ட கேட்டாரு. நான்னு சொல்லியிருந்தா திரும்பக் கூப்பிட்டு வேலை கொடுத்திருப்பாரு. நான் சொல்லல. அதுவா எழுதிக்கிட்டதுன்னு பொய் சொன்னேன்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தார்.

“உனக்குத் தெரியுமா இது?”

“தெரியும்ப்பா. வெளியில பெஞ்சுலதான உக்காந்திருந்தேன். கதவு தெறந்துதான் இருந்துச்சு.”

அவள் நீவிக் கொடுத்த தாள் என் நினைவுக்கு வந்தது. இது உங்களோடது சார்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?” என்றார் தந்தை.

“சொன்னா நீங்க அடுத்த பஸ் ஏறிக் காலேஜுக்குப் போயிருப்பீங்க. உங்களால இல்லன்னு எத்தனை வாட்டி சொன்னேன். நம்புனீங்களா?”

“அப்பவே உள்ள வந்து நீ சொல்லியிருக்கலாமேம்மா,” என்றேன் நான். குரல் எனக்கே கேட்கவில்லை.

“என்னன்னு சார் சொல்றது? எங்க சார் பொய் சொல்றாருன்னு, அவரு சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ்லயா?”

அவள் முகத்தில் சிரிப்பு லேசாக இருந்தது. கோபமும் இருந்தது. இரண்டும் எனக்கு உரியவைதான்.

தந்தை எழுந்து வாசல்வரை போய் நின்றார். திரும்பி வந்து, என் முன்னாலிருந்த டீயைத் தொட்டுப் பார்த்தார். “ஆறிப்போச்சு. வேற போட்டுக் குடும்மா,” என்றார்.

அப்போது அவள் போன் அடித்தது. எங்கோ வேறு மாநிலத்துத் துறைமுகத்தில் ஒரு மெக்கானிக். அவனுக்குத் தமிழ் தெரியாது. அவள் ஜன்னலருகே நின்று ஆங்கிலத்தில் பேசினாள். சின்னச் சின்ன வாக்கியங்கள். ஒரு வேலை, நிறுத்தம். நான் சொன்னதைத் திருப்பிச் சொல். மறுபடி ஒரு வேலை. வினைச்சொற்கள் இன்னும் சில இடங்களில் காலம் தப்பித்தான் வந்தன. எனக்குத் திருத்தத் தோன்றவில்லை. சிறிது நேரத்தில் போனுக்குள்ளிருந்து இன்ஜின் சத்தம் எங்களுக்கே கேட்டது. இந்தத் தொழிலில் முப்பத்தொரு ஆண்டுகள் இருந்தேன் என்பதில் எனக்கு அந்த நிமிடம் வந்த பெருமையை மறைக்க விரும்பவில்லை. அதில் என் பங்கு எவ்வளவு என்பதும் எனக்குத் தெரியும்.

கிளம்பும்போது விஷயத்தைச் சொன்னேன். முதுகுக்கு முதுகு பயிற்சி அவளுடைய அந்த இரண்டு நிமிடப் பேச்சிலிருந்து எடுத்தது, துறை மலரில் அவள் பெயரோடு அதை எழுதலாமா என்று கேட்டேன்.

“பேரு வேணாம் சார். அப்பா தொழிலை மட்டும் சரியா எழுதிடுங்க.”

எழுதிவிட்டேன். அவர் மீன் பிடிப்பவர்.

மெஹருன்னிசா, மலரில் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே எழுதியவரைப் பற்றி இரண்டு வரி போடுவீர்கள். என் பட்டங்களும் கேடயமும் வேண்டாம். இந்தக் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவர் என்று ஒரு வரி போடுங்கள். தந்தை நீர்கட்டி என்று இன்னொரு வரி.